சட்டையில் குத்திய ரூபாய் நோட்டு

"ஆ டப்புலு மீரே இச்செய்யொச்சு கதா சார், சைக்கில் தொக்கடம் எந்துக்கு?"

எங்க கிளை கேஷியர் கேட்டது இது. அந்தக் காசை நீங்களே கொடுத்துட்டுப் போகலாமே சார், சைக்கிள் மிதிக்கிறது எதுக்குன்னு. சித்தூருக்கு மாற்றலாகி வந்த இந்த மூணு வருஷத்தில் புரியாத தெலுங்கு குறைஞ்சிருக்கு. பதில் தெரியாத கேள்வி மட்டும் குறையவே மாட்டேங்குது.

நானும் பி.காம். படிச்சவன்தானே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். கியர் சைக்கிள் 28,000. ஹெல்மெட், கையுறை, அந்தப் பஞ்சு வெச்ச டவுசர் (அதைப் பற்றி அப்புறம் பேசலாம்) எல்லாம் சேர்த்து இன்னொரு 4,000. ரெண்டு நாள் லீவு. இதையெல்லாம் அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தா முழங்காலாவது மிஞ்சியிருக்கும். ஊரிலிருந்து தங்கமணியும் போனில் இதையேதான் கேட்டாள், திருநெல்வேலித் தமிழில். "முட்டு வலிக்குன்னு போன வாரந்தான சொன்னிய? இப்ப எதுக்கு இந்த வேலை?"

கேள்வி நியாயமானது. நல்ல காரியத்துக்குன்னு சொல்லி ஓடறவங்க, மலை ஏறுறவங்க, சைக்கிள் மிதிக்கிறவங்க எல்லாரும் ஒருநாள் இதுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும். என் பதிலைச் சொல்றேன்.

எங்க கிளையைக் கூட்டிப் பெருக்கும் ஒரு அம்மா இருக்காங்க. அவங்க பேரனுக்கு ஆறு வயசில் ரத்தப் புற்றுநோய். திருப்பதியில் ஒரு பெரிய மருத்துவமனையில் வைத்தியம். 2007-ல் ஆரோக்யஸ்ரீன்னு ஆரம்பிச்ச திட்டம், ஆட்சி மாறினா பேரும் மாறும், ஆனா வேலை செய்யுது. மருந்துக்கும் ஊசிக்கும் அந்த அம்மா ஒரு பைசா கட்டலை. இதை நான் பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்.

ஒருநாள் அவங்களே நகைக்கடன் கவுண்டரில் வந்து நின்னாங்க. மூணாவது தடவையாம். பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தா, நோக்கம்னு இருக்கிற கட்டத்தில் "குடும்பச் செலவு"ன்னு எழுதியிருக்கு. கீழே அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறது சாட்சாத் அடியேன்.

அப்புறம்தான் விசாரிச்சேன். இந்த வியாதிக்கு ஒருநாள் ரெண்டுநாள் வைத்தியம் இல்லை, ரெண்டு ரெண்டரை வருஷம் இழுக்கும். கிராமத்திலிருந்து சித்தூர், சித்தூரிலிருந்து திருப்பதி. பையனோட அம்மா மாங்கூழ் ஆலையில் தினக்கூலி. போகிற நாளெல்லாம் கூலி போச்சு. ரத்த எண்ணிக்கை சரியில்லை, நாளைக்கு வான்னு சொல்லிட்டா ராத்திரி எங்கே படுக்கிறது? நடைபாதைதான். வெளிச் சாப்பாடு அந்தப் பிள்ளைக்கு ஆகாது, சமைக்க அடுப்பு இல்லை. 2025 ஆகஸ்டிலிருந்து ஆந்திராவில் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, அது ஒரு பெரிய ஆறுதல். ஆனா ஆட்டோவுக்கும் பாலுக்கும் போன கூலிக்கும் எந்த அட்டையும் செல்லாது. வைத்தியம் இலவசமா இருந்தும் ஒரு குடும்பத்தோட ரெண்டு பவுன் இப்படித்தான் எங்க லாக்கருக்குள்ளே வந்து சேர்ந்தது.

திருப்பதியில் ஒரு சின்ன அறக்கட்டளை இந்த மாதிரிக் குடும்பங்களுக்குன்னு வாடகைக்கு அறை எடுத்து, அடுப்பு வெச்சு, பாய் தலையணை கொடுத்து நடத்துறாங்க. வாடகை மூணு மாசம் பாக்கி. அவங்களுக்காகத்தான் சைக்கிள். நாங்க 14 பேர்: ரெண்டு டாக்டர், ஒரு கணக்கு வாத்தியார், மருந்துக்கடைக்காரர், கல்லூரிப் பசங்க, நான். முதல் நாள் சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, சந்திரகிரி வழியா திருப்பதி, ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மறுநாள் புத்தூர், கார்வேட்டிநகரம்னு சுத்திக்கிட்டுத் திரும்பி சித்தூர். (2022 ஏப்ரல் வரைக்கும் இதெல்லாம் ஒரே மாவட்டம். இப்போ திருப்பதி தனி மாவட்டம் ஆயிட்டதால் "இரு மாவட்ட சைக்கிள் பயணம்"னு பீத்திக்க முடிஞ்சது.)

ஆளுக்கு 25,000 ரூபாய் மத்தவங்ககிட்ட வசூல் பண்ணித் தரணும்னு ஒப்பந்தம். சொந்தக் காசு கணக்கில் வராது. கணக்கு வாத்தியார் போட்ட விதி இது. கேஷியருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இந்த விதிக்குள்ளேதான் இருக்கு, ஆனா அது எனக்குப் புரிய ரெண்டு மாசம் ஆச்சு.

முதலில் எல்லாரும் செய்யறதைத்தான் செஞ்சேன். வாட்ஸப்பில் கியூ.ஆர். படத்தோட உருக்கமா ஒரு செய்தி. காலேஜ் குரூப், பேங்க் குரூப், சொந்தக்காரங்க குரூப், எல்லாத்திலும். நாற்பத்தெட்டுக் கட்டைவிரல் வந்தது, இருபது கும்பிடு வந்தது, "யூ ஆர் கிரேட் மச்சி" வந்தது. பணம் 1,100 ரூபாய், ரெண்டு பேர்கிட்டேயிருந்து.

அப்புறம் ஒவ்வொருத்தரா போன் போட ஆரம்பிச்சேன். இருபது வருஷமா கடன் கொடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்து பழகினவன் நான். எதிரில் வர்றவர் வேர்வையைத் துடைச்சுக்கிட்டு விஷயத்துக்கு வராம சுத்தி வளைச்சுப் பேசுவார், நான் பேனாவை உருட்டிக்கிட்டு இருப்பேன். இப்போ நான் சுத்தி வளைக்கிறேன். "எப்படிடா இருக்கே, பசங்க நல்லாப் படிக்கிறாங்களா.." எதிர்முனை சிரிக்குது. "எவ்வளவுடா வேணும், சொல்லு." காது சூடாகுது. நூறு ரூபாய் கொடுத்தவன் நாலு கேள்வி கேட்டான், நாலாயிரம் கொடுத்தவன் ஒண்ணும் கேட்கலை. அந்தப் பிள்ளைகளைப் பத்தி மட்டும் யாரும் கேட்காம விடலை. அது என்ன வியாதி, வைத்தியம்தான் இலவசமாச்சே அப்புறம் என்ன செலவு, அறை எங்கே இருக்கு.. 61 பேருக்கு நகைக்கடன் கதையைச் சொல்லியிருக்கேன். நானே 25,000 கொடுத்திருந்தா அது எனக்கும் அறக்கட்டளைக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயமாப் போயிருக்கும்.

மொய் நோட்டு மாதிரி ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன். நாளைக்கு அவங்க ஒரு காரியத்துக்குக் கேட்டா நான் கொடுத்தாகணும். 61 பேருக்கும் நான் கடன்காரன்.

இங்கேதான் ஒரு தப்பும் செஞ்சேன். சொல்லாம விட்டா இதை எழுதறதிலேயே அர்த்தமில்லை.

ஹார்டுவேர் கடை வெச்சிருக்கிற ஒருத்தர், எங்க கிளையில் ஓ.டி. வாடிக்கையாளர். சித்தூர்த் தமிழர். ஒருநாள் கேபினில் பேசிக்கிட்டிருக்கும்போது இந்தச் சைக்கிள் விஷயத்தைச் சொன்னேன். கேட்கக்கூட இல்லை, சும்மா சொன்னேன். மறுநாளே கவரில் 5,000 ரூபாய். "நம்மளால ஆனது சார்." வாங்கி மேஜைக்குள்ளே வெச்சிட்டேன். சாயங்காலம் தட்டில் கிடந்த கோப்புகளைப் பார்க்கிறேன், அவரோட லிமிட் புதுப்பிப்பு விண்ணப்பம் மூணாவதா இருக்கு. என் கையெழுத்துக்காக.

அவர் அதுக்காகத்தான் கொடுத்தாரான்னு எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியாம இருக்கலாம். ஆனா மறுக்க முடியாத இடத்தில் இருக்கிறவர்கிட்டே நான் அந்தப் பேச்சை எடுத்திருக்கக் கூடாது. சும்மா சொன்னேன்கிறதெல்லாம் சால்ஜாப்பு. அந்த நாற்காலியில் உட்கார்ந்துக்கிட்டு எதையும் சும்மா சொல்ல முடியாது. மறுநாள் கடைக்கே போய்க் கவரைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு முகம் சுண்டிப் போச்சு. குறைவா இருக்குன்னு திருப்புறேன்னு நினைச்சிட்டார் போல. "இன்னும் ஏதாச்சும் சேர்த்து.."ன்னு கல்லாவைத் திறந்தார். அந்த நிமிஷம் எனக்கு வந்த கூச்சம் இருக்கே, சந்திரகிரி ஏத்தத்தில்கூட அப்படி மூச்சு முட்டலை.

அதனால் என் முதல் கட்சி: இந்த மாதிரிப் பயணங்களில் கஷ்டமான பாகம் மிதிக்கிறது இல்லை, கேட்கிறதுதான். ரெண்டாவது கட்சி: இல்லைன்னு சொல்லக்கூடியவர்கிட்டே கேட்டாத்தான் அது கேட்கிறது. மேலதிகாரி தனக்குக் கீழே இருக்கிறவங்ககிட்டே, வாத்தியார் பெற்றோர்கிட்டே, பேங்க் ஆபீசர் கடன் வாங்கினவர்கிட்டே கேட்டா அதுக்குப் பேர் வேற. ஆபீசில் சுத்துக்கு விடுற நன்கொடை லிஸ்ட் எல்லாம் இந்த ரகம்தான், நானும் எத்தனையோ தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு நூறு ரூபாய் எழுதியிருக்கேன்.

சரி, கேட்கிறதுதான் முக்கியம்னா சைக்கிள் எதுக்கு? இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

நான் நாலாவது அஞ்சாவது படிக்கும்போது எங்க ஊர் மைதானத்தில் வருஷத்துக்கு ஒருதடவை யாராவது சைக்கிள் சுத்த வருவாங்க. ஏழு நாள், இறங்காம. நடுவில் ஒரு கம்பம், டியூப்லைட், குழாய் ரேடியோ. மனுஷன் சைக்கிளிலேயே குளிப்பார், சாப்பிடுவார், சவரம்கூடப் பண்ணிக்குவார். ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்கித் தூங்குறாரான்னு கண்டுபிடிக்க நாங்க நாலு பேர் விழிச்சிருந்து, நாங்கதான் தூங்கிப்போனோம். கடைசி நாள் ஊரே கூடும். ஓட்டிக்கிட்டிருக்கிறவர் சட்டையில் ஆளாளுக்கு ரூபாய் நோட்டை ஊக்கால் குத்துவாங்க. மைக்கில் பேர் சொல்லுவாங்க. எங்க அப்பா ரெண்டு ரூபாய் குத்தினது எனக்கு நல்லா ஞாபகமிருக்கு. அதே அப்பா, வாசலில் வந்து நிக்கிறவருக்குக் காலணா எடுக்க யோசிப்பார்.

சைக்கிள்காரர் சுத்தினதால் யாருக்கு என்ன லாபம்? ஒண்ணுமில்லை. ஆனா ஏழு நாள் ஒரு உடம்பு சிரமப்பட்டதை ஊர் கண்ணால் பார்த்தது. அதுக்கப்புறம் சும்மா போக யாருக்கும் மனசு வரலை.

இன்னொண்ணு. புரட்டாசி சனிக்கிழமைகளில் நாமம் போட்டுக்கிட்டு, துளசி சுத்தின பித்தளைச் சொம்போட "கோவிந்தா"ன்னு வீடு வீடா வருவாங்களே, நினைவிருக்கா? பிச்சை எடுத்து திருப்பதி போறதா நேர்ந்துக்கிட்டவங்க. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் வரும். எனக்கு எட்டு வயசில் டைபாய்டு வந்தப்போ ஆச்சி நேர்ந்துக்கிட்டா. அஞ்சு வீடாவது ஏறணும்னு கூட்டிக்கிட்டுப் போனா. முதல் வீடே என் வகுப்பு டீச்சர் வீடு! சொம்பை நீட்டிக்கிட்டு நின்னதை இப்போ நினைச்சாலும் உடம்பு குறுகுது. சொந்தக் காசில் டிக்கெட் வாங்க எங்க வீட்டில் பணமில்லாம இல்லை. கை ஏந்தணும், அதுதான் நேர்ச்சை. திருமலையில் மொட்டை போடுறவங்ககிட்டே போய், முடிக்கு என்ன விலையோ அதை மணியார்டரில் அனுப்பிடுங்களேன்னு யாராவது சொல்லுவாங்களா?

அதனால் இது ஏதோ வெள்ளைக்காரன் கிட்டேயிருந்து இறக்குமதி ஆன கூத்துன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. இறக்குமதி ஆனது டவுசரும் அந்த வழவழ பனியனும்தான்.

ஆனா அவங்ககிட்டே கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, கணக்கு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1980-ல் பில்லி ஸ்டார்னு ஒருத்தர் 36 பேரோட ஆரம்பிச்சது பான்-மாஸ் சேலஞ்ச். முதல் வருஷ வசூல் 10,200 டாலர். இன்னிக்கு வரைக்கும் பாஸ்டன் டேனா-ஃபார்பர் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போன மொத்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டிடுச்சு. அங்கே ஓட்டுறவர் வசூலிச்சுத் தர்ற பணம் முழுசும் மருத்துவமனைக்கு. நடத்துற செலவெல்லாம் நுழைவுக் கட்டணத்திலிருந்தும் விளம்பரதாரர்கள் கிட்டேயிருந்தும் வருது.

இதுக்கு மறுபக்கம் டான் பலோட்டா. 1994-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு எய்ட்ஸ் நோயாளிகளுக்கான சைக்கிள் பயணத்தை ஆரம்பிச்சவர். லாபத்துக்கு நடத்தின கம்பெனி, பெரிய விளம்பரம், பெரிய கூடாரம். செலவு அதிகம்னு கூச்சல் வந்து 2002-ல் கம்பெனியே மூடிப்போச்சு. அவர் வாதம் என்னன்னா, செலவு சதவீதத்தைப் பார்க்காதே, கடைசியில் கைக்கு வந்த தொகையைப் பாரு. செலவு போகவே 30 கோடி டாலருக்கு மேல் வந்திருக்கு. சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. ஆனா அதே பாதையில் சம்பந்தப்பட்ட அமைப்புகளே 2002 முதல் நடத்தின எய்ட்ஸ் லைஃப்சைக்கிள், ஏழு நாள், 545 மைல், அதையும் 2025 ஜூனோட நிறுத்திட்டாங்க. செலவு ஏறுது, ஓட்ட வர்றவங்க குறையறாங்கன்னு காரணம். பெரிசா வளர்ந்தா பந்தலுக்கே பாதி போயிடும்போல.

எங்க 14 பேர் கூட்டத்திலேயே இந்தச் சண்டை வந்தது. டி-ஷர்ட் அடிக்கணும், ஃபிளெக்ஸ் வைக்கணும்னு ஒரு கட்சி. வசூல் பணத்தில் ஒரு ரூபாய் தொடக்கூடாதுன்னு நான். நாலு கூட்டம் போட்டு, வேன் டீசல், வாழைப்பழம், மோர், ராத்திரி சாப்பாடு எல்லாத்துக்கும் ஆளுக்கு 1,500 கைக்காசு போடுறதுன்னு முடிவாச்சு. டி-ஷர்ட் இல்லை. ஒரு காலேஜ் பையன் இன்னும் என்னோட முகம் கொடுத்துப் பேசலை.

போற போக்கில் ரெண்டு பேங்க் விஷயம், உபயோகப்படும். நியூஜெர்சியில் இருக்கிற என் சித்தி பையன் 200 டாலர் அனுப்புறேன்னான். அவன் அமெரிக்கக் குடிமகன் ஆயிட்டதால் அது வெளிநாட்டு நன்கொடை. அதுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கணும். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் பேங்க் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்கணும். எங்க சின்ன அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இல்லை, வேண்டாம்னுட்டேன். துபாயில் இருக்கிற இன்னொரு நண்பன் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். அவன் தன் சேமிப்பிலிருந்து பேங்க் வழியா அனுப்பினா தடையில்லை. அதே மாதிரி, 80ஜி ரசீது கேட்கிறவங்க 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக் கொடுத்தா கழிவு கிடையாது. புது வரி முறையில் இருந்தா எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. இதைச் சொன்னதும் ரெண்டு பேர் கழண்டுக்கிட்டாங்க. ஆனா ஒருத்தர், ரசீதே வேண்டாம்பா, நிம்மதின்னு இரட்டிப்பாக் கொடுத்தார்.

பயணம்? நல்லபடியா முடிஞ்சது. ஜனவரிக் குளிரில் அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். பூதலப்பட்டு தாண்டி வெளிச்சம் வந்தப்போ வெல்லம் காய்ச்சுற வாசனை. லாரிகள் உரசிக்கிட்டுப் போகும்போது உயிர் கையில் இல்லை. சந்திரகிரிக்கு முன்னாடி நாமம் போட்டுக்கிட்டு, மஞ்சள் வேட்டியில் நடந்து போற ஒரு கூட்டம். எங்க பக்கத்து ஆளுங்க, வேலூர்க்காரங்க. இறங்கித் தள்ளிக்கிட்டிருந்த என்னைப் பார்த்து ஒரு பெரியவர், "சைக்கிள்ல போறதா வேண்டுதலா சாமி?"ன்னார். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. ஆமான்னேன். ஒரு பத்து ரூபாயை எடுத்து என் கையில் வெச்சிட்டு நடந்தார். அது கணக்கில் 62-வது வரி, பேர் இல்லாம.

மறுநாள் புத்தூரில் மருந்துக்கடைக்காரர் சறுக்கி விழுந்தார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுறதில் பேர்போன ஊரிலேயா விழணும்! முழங்கை சிராய்ப்போட போச்சு. கார்வேட்டிநகரம் பக்கம் மாந்தோப்பெல்லாம் பூத்துக் கிடந்தது, நான் பார்த்தது எல்லாம் முன்னாடி போனவர் டயர்தான். பஞ்சு டவுசரால் ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு மட்டும் சொல்லி முடிச்சுக்கிறேன்.

வாடகைப் பாக்கி தீர்ந்தது. ஒரு வருஷ வாடகை முன்பணமும் போட்டாச்சு. வரவு செலவு ஒரே தாளில் அடிச்சு, கொடுத்த எல்லாருக்கும் அனுப்பினேன். கேஷியர் அந்தத் தாளை மூணு தடவை கூட்டிப் பார்த்துட்டு, தப்பு கண்டுபிடிக்க முடியாத வருத்தத்தோட 500 ரூபாய் கொடுத்தார்.

ஹார்டுவேர் கடைக்காரர் மார்ச்சில் வந்தார். லிமிட் புதுப்பிச்சு ஒரு மாசம் ஆகியிருந்தது. அதே கவர். "இப்போ வாங்கிக்கலாமில்ல சார்? காரியம்தான் முடிஞ்சுபோச்சே." அடுத்த பிப்ரவரியில் மறுபடி புதுப்பிக்கணுமே அண்ணாச்சின்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்போ நான் இந்தக் கிளையில் கடனோட இருக்கிற வரைக்கும் உங்ககிட்டே கொடுக்கவே முடியாதான்னார். முடியாதுன்னேன். அறக்கட்டளை முகவரியை எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வெச்சுக்கிட்டு எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து, அந்தச் சைக்கிள் எந்தக் கடையில் வாங்கினீங்க, கியர் இல்லாததும் சரிப்படுமான்னு கேட்டார். அவர்கிட்டே சிமென்ட் வாங்குற மேஸ்திரிங்க நாற்பது பேர் இருக்காங்களாம்.

மேஸ்திரிங்க யாராவது உங்களுக்குப் பாக்கி வெச்சிருக்காங்களான்னு கேட்டேன். பாதிப் பேர்னார். அந்தப் பாதியை விட்டுடுங்கன்னு சொல்லியிருக்கேன்.